குதிரையும் குத்தூசியும்: செவ்வியல் சுழல் துப்பாக்கிகளின் பழைய, புதிய வடிவங்கள்

முன்னுரை

கடந்த 150 ஆண்டுகளில் சுழல் துப்பாக்கியின் புறத்தோற்றம் பெரிதாக மாறிவிடவில்லை. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் துப்பாக்கியையும், அதே பெயரில் அந்நிறுவனம் அண்மைக்காலத்தில் உருவாக்கிய துப்பாக்கியையும் அருகருகே வைத்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. பழகிய கண்ணுக்கோ வேறுபாடுகள் பலவாகத் தெரியும்: திருகுகளின் எண்ணிக்கை, நீலமூட்டலின் ஆழம், குழலின் மேல் பொறிக்கப்பட்ட எழுத்து, குதிரையின் முகம். சேகரிப்போர் இவற்றை அளந்து, எண்ணி, விலை வகுத்திருக்கின்றனர். அவர்கள் நடுவே 'பழையதே உயர்ந்தது' என்னும் தீர்ப்பு ஏறக்குறைய விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக வழங்கி வருகிறது. பழையவற்றைக் கைவினைஞர்கள் செய்தனர், புதியவற்றைக் கணக்காளர்கள் செய்கின்றனர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், மெருகையும் திருகையும் நோக்கும் இவ்வொப்பீடு ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிடுகிறது. துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் என்ன நிகழும்? பழைய வடிவங்களுக்கும் புதிய வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடுகளுள் மிக முக்கியமானவை இக்கேள்விக்கான விடைகளாகவே தோன்றியவை. அவ்விடைகள் தாமதமாக வந்ததற்கான காரணங்களையும், வந்தபின் அவை வெறுக்கப்பட்டதற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கோல்ட், என்ஃபீல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன், ருகர் ஆகியோரின் சுழல் துப்பாக்கிகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியத் தயாரிப்பு ஒன்றும் இறுதியில் சுருக்கமாக நோக்கப்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. துப்பாக்கியின் பின்புறத்தில் உயர்ந்து நின்று, முன்னோக்கிப் பாய்ந்து தோட்டாவைத் தாக்கும் உறுப்பைத் தமிழ் வழக்கு 'குதிரை' என்று அழகாகப் பெயரிட்டுள்ளது. விரலால் இழுக்கப்படும் விசையையே குதிரை என்று எழுதும் குழப்பம் கதைகளில் உண்டு. இங்குக் குதிரையும் விசையும் வெவ்வேறு உறுப்புகளாகவே குறிக்கப்படுகின்றன. குதிரையின் முகத்திலோ சட்டகத்திலோ அமைந்து, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைக் குத்தித் தீப்பொறி எழுப்பும் சிறு உறுப்பு 'குத்தூசி' எனப்படுகிறது.

ஆறு அறைகள், ஐந்து தோட்டாக்கள்

உருளையின் அறைகளை முழுமையாகத் துளைத்து, பின்புறமிருந்து உலோகத் தோட்டாக்களை நிரப்பும் முறை அமெரிக்காவில் 1855-இல் ரோலின் வைட் பெற்ற காப்புரிமைக்குள் அடங்கியிருந்தது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் அவருக்குத் தர ஒப்புக்கொண்டு, 1857 முதல் அவ்வகைத் துப்பாக்கிகளைத் தயாரித்தது. காப்புரிமை 1869-இல் காலாவதியான பின்னரே கோல்ட் நிறுவனத்துக்கு வழி திறந்தது. வில்லியம் மேசனின் வடிவமைப்பில் உருவான ஒற்றைச்செயல் துப்பாக்கியை அமெரிக்கப் படை 1873-இல் ஏற்றது. 1891 வரையில் ஏறத்தாழ 37,000 துப்பாக்கிகளை அரசு வாங்கியது. குதிரைப்படைக்கு வழங்கப்பட்டதன் குழல் ஏழரை அங்குலம்.

இத்துப்பாக்கியின் குதிரையில் குத்தூசி நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. குதிரை முற்றிலும் கீழிறங்கி ஓய்வில் இருக்கும்போது, ஊசியின் முனை எதிரிலுள்ள தோட்டாவின் பிரைமரின் மேல் சாய்ந்தே நிற்கும். அந்நிலையில் துப்பாக்கி கீழே விழுந்து குதிரையின் முதுகில் அடிபட்டால், விசையை யாரும் தொடாமலே அது வெடிக்கும். இதனை வடிவமைத்தோர் அறியாதவர் அல்லர். குதிரையைச் சிறிதளவு பின்னிழுத்தால் பொருந்தி நிற்கும் 'பாதுகாப்புக் காடி' ஒன்று அதன் அடியில் வெட்டப்பட்டிருந்தது. ஆனால், விசையின் மெல்லிய நுனியே அக்காடிக்குள் நுழைந்து குதிரையைத் தாங்க வேண்டியிருந்தது. பலத்த அடி விழுந்தால் நுனி முறியும். அல்லது காடியின் உதடு உடையும். ஆகவே, அனுபவமுடையோர் காடியை நம்பாமல் வேறொரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். ஆறு அறைகளுள் ஐந்தில் மட்டும் தோட்டா நிரப்பி, வெற்று அறையின் மேல் குதிரையை இறக்கி வைப்பதே அவ்வழக்கம். ஓர் அறையில் நிரப்பி, அடுத்த அறையைத் தாண்டி, எஞ்சிய நான்கையும் நிரப்பிப் பின் குதிரையை முழுமையாக இழுத்து இறக்கினால், வெற்று அறை தானாகவே குழலுக்கு நேராக வந்து நிற்கும். கணக்குத் தவறாத எளிய உத்தி இது.

இவ்வழக்கத்தைப் பின்பற்றாதவர்களுள் புகழ்பெற்ற ஒருவரும் உண்டு. கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் காவலராக இருந்த வயாட் எர்ப் 1876 சனவரியில் மதுக்கடை ஒன்றின் பின்னறையில் அமர்ந்திருந்தபோது, அவருடைய சுழல் துப்பாக்கி உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய மேலங்கியைத் துளைத்துச் சுவரில் பட்டுக் கூரை வழியே வெளியேறியதாக உள்ளூர் இதழ் சற்றே கேலியுடன் செய்தி வெளியிட்டது. துப்பாக்கிக் கையாளலுக்கு இலக்கணமாகத் திரைப்படங்கள் காட்டும் ஒருவருக்கே இது நேர்ந்தது என்பது நோக்கத்தக்கது. பாதுகாப்பு கருவியில் அமையாமல் பயனாளரின் பழக்கத்தில் விடப்பட்டால், பழக்கம் தவறும் நாள் ஒன்று வந்தே தீரும்.

கோல்ட் துப்பாக்கியின் வரலாற்றைச் சேகரிப்போர் மூன்று தலைமுறைகளாகப் பகுப்பர். 1873 முதல் 1940-களின் தொடக்கம் வரை உருவானவை முதல் தலைமுறை. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 3,57,000. தொலைக்காட்சியில் மேற்கத்தியத் தொடர்கள் பெருகி, பிற நிறுவனங்கள் போலிகளைச் செய்து விற்கத் தொடங்கியபின், 1956-இல் கோல்ட் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. 1970-களின் நடுப்பகுதி வரை வந்த இவை இரண்டாம் தலைமுறை. 1976 முதல் வந்தவை மூன்றாம் தலைமுறை. முதல் தலைமுறைக்குள்ளேயே ஒரு பெரும் பிளவு உண்டு. 1890-களின் நடுப்பகுதி வரையிலான சட்டகங்கள் கருமருந்துக்கென அமைந்தவை. உருளையின் அச்சு முன்புறத்திலுள்ள ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருந்தது. பின்னர் அத்திருகு நீங்கி, பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் வில்தாழ் வந்தது. புகையற்ற வெடிமருந்தின் உயரழுத்தத்தை இத்துப்பாக்கிகள் தாங்கும் என்று நிறுவனம் 1900 அளவில்தான் உறுதியளித்தது. தோற்றத்தில் ஒன்றாயிருக்கும் இரு துப்பாக்கிகளுள் ஒன்றில் இன்றைய தோட்டாவை இட்டால் உருளை பிளக்கக்கூடும் என்பதால், 'பழையது உறுதியானது' என்னும் பொதுக்கூற்று இங்கு ஆபத்தானதாகவே முடியும்.

மூன்றாம் தலைமுறையில் குழலின் மரை அங்குலத்துக்கு 20 என்பதிலிருந்து 24 ஆக மாறியது. உருளைக்குள் தனியே கழற்றக்கூடியதாக இருந்த உள்வளையம் அழுத்திப் பொருத்தப்பட்டதாயிற்று. இம்மாற்றத்தைச் சேகரிப்போர் கடுமையாகக் குறைகூற, பிற்காலத்தில் பழைய முறை மீட்கப்பட்டது. விந்தை யாதெனில், இத்தனை சிறு மாற்றங்களுக்கும் இடையே குதிரையின் மேலுள்ள நிலையான ஊசி மட்டும் மாறவே இல்லை. கோல்ட் அதனை 1873-இல் இருந்தபடியே வைத்துக்கொண்டது. மரபுத்தோற்றத்தை விலைகொடுத்து வாங்குவோர் அதனையே விரும்பினர். இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனமோ தன் கோல்ட் வழிவடிவங்களுள் சிலவற்றில், விசை இழுபட்டிருந்தாலொழிய ஊசி வெளியே நீளாத குதிரையை உள்ளமைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

தீர்வு முன்பே இருந்தது

நிலையான ஊசியின் ஆபத்தை நீக்கும் வழி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதன்று. மாசசூசெட்சின் ஐவர் ஜான்சன் நிறுவனம் 1890-களிலேயே அதனைத் தன் மலிவான துப்பாக்கிகளில் கையாண்டது. அம்முறையில் குத்தூசி குதிரையில் இராது. சட்டகத்தில் தனியே அமர்ந்திருக்கும். குதிரை சட்டகத்தின் மேல் மோதுமேயன்றி ஊசியை எட்டாது. விசையை இழுக்கும்போது மட்டும் மெல்லிய இடைத்தகடு ஒன்று மேலெழுந்து குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே நின்று அடியைக் கடத்தும். விரல் விசையை விட்டதும் தகடு கீழிறங்கிவிடும். நிரப்பிய துப்பாக்கியின் குதிரையைச் சுத்தியலால் அடித்துக் காட்டும் விளம்பரங்களை அந்நிறுவனம் பல்லாண்டுகள் வெளியிட்டது. 1901-இல் குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்ட துப்பாக்கியும் ஐவர் ஜான்சன் தயாரிப்பே. தவறி வெடிப்பதைத் தடுக்கும் பொறி, வேண்டுமென்றே சுடுபவனைத் தடுப்பதில்லை.

கோல்ட் தன் இரட்டைச்செயல் துப்பாக்கிகளில் 1905 முதல் வேறொரு வழியை மேற்கொண்டது. விசை இழுபடாத வரையில் குதிரைக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு தடைத்தகடு நின்று குதிரையை முன்செல்லவிடாது. இடைத்தகடு இருந்தால்தான் வெடிக்கும். தடைத்தகடு விலகினால்தான் வெடிக்கும். இரண்டின் பயனும் ஒன்றே எனினும், பழுது நேரும் விதம் வேறு. இடைத்தகடு உடைந்தால் துப்பாக்கி வெடிக்காமல் போகும். தடைத்தகடு உடைந்தாலோ சிக்கிக்கொண்டாலோ துப்பாக்கி பழைய ஆபத்துக்கே திரும்பும்.

போர்க்காலம்: பின்னோக்கிய இரு நகர்வுகள்

புதிய வடிவம் எப்போதும் முன்னேற்றமாகவே அமையும் என்று கருதுவதும் பிழை. பிரித்தானியப் படை முதல் உலகப்போரில் .455 வெப்லி துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது. போருக்குப்பின், எடை குறைந்த .38 அளவுத் துப்பாக்கி வேண்டுமென முடிவாகி, என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையில் உருவான எண் 2 துப்பாக்கி 1932-இல் ஏற்கப்பட்டது. அதன் வடிவம் வெப்லியின் வடிவத்தை மிக நெருங்கியிருந்ததால், வெப்லி நிறுவனம் இழப்பீடு கோரி இறுதியில் 1,250 பவுண்டு பெற்றது தனிக்கதை. 1938-இல் குதிரையின் வால் நீக்கப்பட்டு 'மார்க் 1' என்ற பெயருடன் ஓர் உடுக்குறி சேர்ந்தது. பீரங்கி வண்டிகளின் நெருக்கடியான உட்புறத்தில் குதிரைவால் சிக்குகிறது என்பது காரணமாகக் கூறப்பட்டது.

1942-இல் இரண்டாம் உடுக்குறி சேர்ந்தது. உற்பத்தியை விரைவுபடுத்தும் பொருட்டு, குதிரையின் பாதுகாப்புத் தடை இவ்வடிவத்தில் நீக்கப்பட்டது. கீழே விழுந்தால் வெடிக்கும் துப்பாக்கியை, அவ்வாறாகும் என்று அறிந்தே ஓர் அரசுத் தொழிற்சாலை உருவாக்கியது. பெரும்பாலானவை போருக்குப்பின் திரும்பப்பெறப்பட்டுத் தடை மீண்டும் பொருத்தப்பட்டது. எனவே, மாற்றப்படாத இரு உடுக்குறித் துப்பாக்கி இன்று அரியது. அரியது என்பதாலேயே விலைமிக்கது. சேகரிப்புச் சந்தையின் தருக்கம் இத்தகையது.

அமெரிக்காவில் இதன் மறுதலை நிகழ்ந்தது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் போருக்கெனப் பெருந்தொகையில் செய்த .38 'விக்டரி' துப்பாக்கியில் முன்னரே ஒருவகைத் தடைத்தகடு இருந்தது. பக்கமூடியில் பொருத்திய மெல்லிய வில்லின் விசையை நம்பிய அமைப்பு அது. 1944-இன் பிற்பகுதியில் போர்க்கப்பலொன்றின் எஃகுத் தளத்தில் விழுந்த விக்டரி துப்பாக்கி வெடித்து ஒரு மாலுமி உயிரிழந்தார். கடற்படை இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் மிகக் குறுகிய காலத்தில் வில்லை நம்பாமல் விசையின் நகர்வாலேயே மேலும் கீழும் இயக்கப்படும் புதிய தடைத்தகட்டை உருவாக்கியது. அதன்பின் வந்த துப்பாக்கிகளின் தொடரெண்ணுக்கு முன்னிருந்த 'வி' எழுத்துடன் 'எஸ்' சேர்க்கப்பட்டது. அத்தடைத்தகடு சிறு மாற்றங்களுடன் இன்றளவும் அந்நிறுவனத்தின் துப்பாக்கிகளில் தொடர்கிறது. மிகப்பெரிய வாடிக்கையாளரான அரசு கேட்டபோது மாற்றம் சில வாரங்களில் சாத்தியமாயிற்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அடுத்து வரும் ருகரின் வரலாறு இதற்கு முற்றிலும் மாறானது.

ருகர்: மூன்று திருகுகளின் விலை

வில்லியம் ருகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய நிறுவனம் 1953-இல் .22 அளவு 'சிங்கிள் சிக்ஸ்' துப்பாக்கியையும், 1955-இல் .357 மேக்னம் 'பிளாக்ஹாக்' துப்பாக்கியையும் வெளியிட்டது. கோல்ட் கைவிட்டிருந்த ஒற்றைச்செயல் வடிவத்தை நவீனப் பொறியியலால் மீட்டதே ருகரின் சாதனை. எளிதில் முறியும் பட்டை விற்களுக்குப் பதிலாகச் சுருள்விற்கள் வந்தன. சட்டகத்தை எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்காமல் மெழுகு வார்ப்பு முறையில் வார்த்தனர். சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் செப்புத் திருமேனிகளுக்குக் கையாளும் முறையின் தொழிற்சாலை வடிவமே அது. இதனால் விலை குறைந்தது. உறுதியோ கோல்ட்டை விஞ்சியது. ஆனால், பாதுகாப்பில் மட்டும் ருகர் பழமையைப் பின்பற்றினார். குத்தூசி குதிரையிலிருந்து சட்டகத்துக்கு மாறியிருந்தாலும், ஓய்வு நிலையில் குதிரையின் முகம் அதன் மேலேயே அழுந்தி நின்றது. பாதுகாப்புக் காடியும் அரைநிலைக் காடியும் கோல்ட் துப்பாக்கியில் இருந்தவை போன்றவையே.

1873-இன் வாங்குநர் குதிரை மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர். ஐந்து தோட்டா வழக்கத்தை மூத்தோரிடம் கற்றவர். 1955-இன் வாங்குநர் தொலைக்காட்சி பார்த்து வாங்கியவர். ஆறு அறைகளைக் கண்டால் ஆறு தோட்டாக்களை இடுவார். கருவி மாறாதிருக்க, அதனைச் சூழ்ந்திருந்த பழக்கம் மறைந்துவிட்டது. விபத்துகளும் வழக்குகளும் தொடர்ந்தன.

1973-இல் ருகர் தன் ஒற்றைச்செயல் துப்பாக்கிகள் அனைத்தையும் 'புதிய மாதிரி'யாக மாற்றியது. ஐவர் ஜான்சன் எண்பது ஆண்டுகளுக்கு முன்பு கையாண்ட இடைத்தகடு இப்போது உள்ளே நுழைந்தது. ஆறு அறைகளிலும் தோட்டாக்களை நிரப்பி அச்சமின்றி எடுத்துச்செல்லலாம் என்றாயிற்று. தோட்டா நிரப்புவதற்குக் குதிரையை அரைநிலைக்கு இழுக்கத் தேவையில்லை. பக்கத்திலுள்ள வாயிலைத் திறந்தாலே உருளை சுழலும். சட்டகத்தின் பக்கத்திலிருந்த மூன்று திருகுகளுக்குப் பதிலாக இரண்டு முளைகள் வந்தன. இதனாலேயே பழைய மாதிரி 'மூன்று திருகு' என்று வழங்கப்படுகிறது. குதிரையை இழுக்கும்போது எழும் நான்கு ஒலிகள் ஒடுங்கியதைப் பழைய பயனாளர்கள் ஓர் இழப்பாகவே கருதினர். அந்நான்கு ஒலிகளைக் கோல்ட் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளோடு பொருத்திச் சொல்லும் வழக்கமும் உண்டு. நெடுங்காலம் பழகிய செவிக்கு அவ்வொலி இன்பமானது என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வொலிகளுள் முதலாவது, முறியக்கூடிய ஒரு காடியின் ஒலி.

புதிய மாதிரி வருவதற்கு முந்தைய ஆண்டில் நிகழ்ந்த விபத்து ஒன்று தொடர்பான வழக்கில் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1979-இல் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றின் மையச் சான்று. பாதுகாப்புக் காடியும் நிரப்பல் காடியும் பழுதடைந்து துப்பாக்கி தானே வெடிக்கும் அபாயத்தை நிறுவனத்தின் உயர் அலுவலர்கள் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று இருப்பதாக நீதிமன்றம் கண்டது. ஒரு துப்பாக்கிக்கு 1.93 டாலர் கூடுதல் செலவாகும் என்பதால் வடிவமாற்றம் தள்ளிப்போடப்பட்டது என்று நியாயமான மனிதர்கள் முடிவுசெய்ய இடமுண்டு என்றும் அது கூறியது. நடுவர்குழு விதித்த தண்டனைத் தொகை மிகையானது எனக் குறைக்கப்பட்டது, பொறுப்பு நீக்கப்படவில்லை. 'பழைய மாதிரி' என்று இன்று பாராட்டப்படும் வடிவத்தின் இறுதி ஆண்டுகளை அந்த 1.93 டாலரை நீக்கிவிட்டு மதிப்பிடுவது முழுமையான வரலாறாகாது. நிறுவனத்தின் தரப்பில், துப்பாக்கியின் இயக்கம் நூறாண்டுகளாக எல்லோரும் அறிந்தது என்பதும், ஐந்து தோட்டா வழக்கம் கையேட்டில் கூறப்பட்டிருந்தது என்பதும் வாதங்களாக முன்வைக்கப்படுவதுண்டு. அவ்வாதத்தில் நேர்மை இருக்கலாம். எனினும், எச்சரிக்கையால் தடுக்க முடியாததைத் தகடு ஒன்றால் தடுக்க முடிந்தது.

1982-இல் ருகர் பழைய துப்பாக்கிகள் அனைத்துக்கும் இடைத்தகட்டைக் கட்டணமின்றிப் பொருத்தித்தர முன்வந்தது. அனுப்பிய துப்பாக்கியோடு, கழற்றிய பழைய உறுப்புகளும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. அவ்வுறுப்புகள் இல்லாத துப்பாக்கியின் சந்தை மதிப்பு குறையும் என்பதே காரணம். மாற்றம் செய்யப்படாத மூன்று திருகு துப்பாக்கி, மாற்றப்பட்டதைவிட உயர்ந்த விலை பெறுகிறது. ஆகவே, இலவசப் பாதுகாப்பை மறுத்துப் பழைய ஆபத்தைப் பேணுவதற்குப் பொருளியல் தூண்டுதல் ஒன்று உருவாகிவிட்டது.

பூட்டின் அரசியல்

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கிகளில் பழைய, புதிய எல்லையைச் சேகரிப்போர் பல இடங்களில் வரைவர். 1982 அளவில் குழலைச் சட்டகத்தோடு பிணைத்த குறுக்கு ஊசியும், மேக்னம் உருளைகளில் தோட்டாவின் விளிம்பு அமிழும் பள்ளமும் கைவிடப்பட்டன. 1990-களில் குதிரையும் விசையும் உலோகத்தூளை அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கும் முறைக்கு மாறின. குத்தூசி குதிரையிலிருந்து சட்டகத்துக்கு இடம்பெயர்ந்தது. இவற்றின்மேல் எழுந்த குறைகளுள் பல அழகியல் சார்ந்தவை. தூள் அச்சு உறுப்புகள் ஒன்றுக்கொன்று அளவு மாறாமல் வருவதால் கைப்பொருத்தம் தேவைப்படுவதில்லை. பயன்பாட்டில் அவை பொதுவாக நன்றாகவே உழைக்கின்றன.

2001-இல் வந்த மாற்றமே பெரும் பூசலைக் கிளப்பியது. அப்போது பிரித்தானியக் குழுமமான டாம்கின்ஸின் உடைமையாக இருந்த நிறுவனம், 2000 மார்ச்சில் கிளிண்டன் அரசோடு பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. துப்பாக்கி உரிமையாளர்கள் அதனைத் துரோகமாகக் கருதி வாங்குவதை நிறுத்தினர். விற்பனை சரிந்தது. 1987-இல் 11 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய நிறுவனத்தை டாம்கின்ஸ் 2001 மே மாதத்தில் 1.5 கோடி டாலருக்கும் கடன் பொறுப்புக்கும் விற்றது. வாங்கிய நிறுவனம் துப்பாக்கிப் பூட்டுகளைச் செய்துவந்தது. விரைவில் சுழல் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில், உருளையைத் திறக்கும் பித்தானுக்கு மேலே, சாவி நுழையும் சிறு துளை தோன்றியது. சிறு சாவியால் திருப்பினால் குதிரை அசையாது பூட்டிக்கொள்ளும்.

இப்பூட்டு மேற்கண்ட தகடுகளோடு ஒப்பிடத்தக்கதன்று. இடைத்தகடும் தடைத்தகடும் பயனாளர் நினைக்காமலே செயற்படுவன. பூட்டோ நினைத்தால் மட்டுமே பயன்தருவது. வன்மையான தோட்டாவின் அதிர்வில் தானே பூட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் பரவியது. அத்துளைக்கு அரசியல்வாதி ஒருவரின் பெயரையே கேலிப்பெயராக இட்டனர். அண்மைக்காலத்தில் பூட்டில்லா வடிவங்கள் மீண்டும் வெளிவருகின்றன. பூட்டு நீங்கியது, 1944-இன் தடைத்தகடு நீங்கவில்லை, அதனை நீக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. பாதுகாப்பு உறுப்புகள் அனைத்தையும் பயனாளர் எதிர்க்கின்றனர் என்ற பொதுமுடிவு இதனால் பொருந்தாதாகிறது.

பைத்தான்: கைத்திறனின் கணக்கு

கைத்திறன் பற்றிய வாதத்துக்கு மிக வலிய சான்று கோல்ட் பைத்தான். 1955-இல் 125 டாலர் விலையில் வெளியான இது, கண்ணாடிபோல் மின்னும் ஆழ்ந்த நீலமூட்டலுக்கும் மென்மையான விசைக்கும் பெயர்பெற்றது. தேர்ந்த தொழிலாளர் ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளையும் அரத்தால் தேய்த்துப் பொருத்தினர். விசை இழுபட்டிருக்கும் கணத்தில் உருளை சிறிதும் ஆடாது குழலோடு நேர்நிற்கும். ஆனால், அவ்விறுக்கத்தைத் தரும் நுண்ணிய கொக்கியே தேய்மானத்தையும் தாங்கியது. கடும் பயன்பாட்டில் அது தேய்ந்தால் உருளை நேர்நிற்பதில் பிறழ்வு நேரும். அதனைச் சரிசெய்ய மீண்டும் அத்தகைய கைவினைஞரே வேண்டும்.

அக்கைவினைஞர்களுக்கு நேர்ந்ததைச் சேகரிப்போரின் எழுத்துகள் மிகச் சிறிதே பேசுகின்றன. 1986 சனவரியில் கோல்ட் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. தேர்ந்த கைகள் வெளியில் நிற்க, மாற்றாட்கள் உள்ளே வேலைசெய்தனர். 1984-இல் அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கி வாய்ப்பும், 1988-இல் எம்-16 ஒப்பந்தமும் நிறுவனத்தின் கைவிட்டுப் போயின. 1990-இல் தொழிற்சங்கமும் கனெக்டிகட் மாநில ஓய்வூதிய நிதியும் பங்கேற்ற குழு நிறுவனத்தை வாங்கியது. ஈராண்டுகளில் அது திவால் காப்பு நாடியது. பைத்தானின் வழக்கமான உற்பத்தி 1999-இல் நின்றது. தனி ஆணைகளின்பேரில் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 2015-இல் மீண்டும் ஒரு திவால்.

2020-இல் பைத்தான் துருவேறா எஃகில் மீண்டும் வந்தது. விலை 1,499 டாலர். உறுப்புகளில் 14 குறைந்துள்ளன என்றும், பின்குறியின் கீழுள்ள சட்டகப் பகுதி 30 விழுக்காடு வலுப்பெற்றுள்ளது என்றும் நிறுவனம் அறிவித்தது. பழைய பைத்தானின் விசை இழுப்பின் இறுதியில் கனம் கூடிக்கொண்டே போகும். புதியதில் அது சீராக உள்ளது. உறுப்புகள் கணினி வழி இயங்கும் கடைசல் பொறிகளில் நுண்ணளவில் உருவாவதால் அரத்துக்கு வேலை குறைவு. முதல் தொகுதிகள் சிலவற்றில் உருளை சுழலாமை போன்ற குறைகள் எழுந்து, நிறுவனம் அவற்றைத் திருத்தியது. 1955-இன் 125 டாலர் 2020-இல் ஏறத்தாழ 1,200 டாலருக்குச் சமம். எனவே புதியது உண்மை மதிப்பில் மலிவானதன்று. கைப்பொருத்தத்தை நீக்கியது விலையைக் குறைக்கவில்லை. கைவினைஞர் இல்லாமலே அத்துப்பாக்கியை உருவாக்குவதைச் சாத்தியமாக்கியது. பழைய பைத்தானுக்குக் கொடுக்கப்படும் மிகைவிலையில் ஒரு பகுதி, மீண்டும் கூட்டமுடியாத ஒரு தொழிற்கூடத்துக்கான விலை எனலாம். நீலமூட்டலைப் பொறுத்தவரையில் பழையதன் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது.

கான்பூரில் வெப்லியின் வாழ்வு

இந்தியாவில் இவ்வொப்பீடு வேறொரு வடிவம் கொள்கிறது. இங்கு .38 போன்ற அளவுகள் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டவை. ஆகவே, கான்பூர் அரசுத் தொழிற்சாலைகள் உரிமம் பெற்ற குடிமக்களுக்கென .32 அளவில் சுழல் துப்பாக்கிகளைச் செய்தன. அவற்றின் மூலவடிவம் வெப்லி மார்க் 4. சட்டகத்தின் முன்புறக் கீலில் துப்பாக்கி மடிந்து திறக்க, வெற்றுத் தோட்டாக்கள் ஒருசேர வெளியே தள்ளப்படும். வன்மையான தோட்டாக்களின் முன் அக்கீலும் தாழும் தளர்ந்துவிடும் என்பதாலேயே மேலைநாடுகளில் இவ்வமைப்பு வழக்கொழிந்தது. 1896-இல் அறிமுகமான .32 நீளத்தோட்டாவோ மென்மையானது. அதற்குக் கீல் போதும். சட்டம் தோட்டாவின் அளவை நிறுத்திவைக்க, தோட்டா வடிவத்தை நிறுத்திவைத்தது.

2014 சனவரியில் பெண்களின் தற்காப்புக்கென விளம்பரப்படுத்தப்பட்டு வெளியான 'நிர்பீக்' இவ்வழிவந்ததே. டைட்டானியம் கலப்புலோகத்தால் எடை 500 கிராமாகக் குறைந்தது. விலை ஏறத்தாழ 1.22 இலட்சம் ரூபாய். உலோகம் புதிது, உள்ளமைப்பு பழையது. அவ்விலையில் எத்தனை பெண்கள் அதனை வாங்கக்கூடும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூர்த் தொழிற்சாலைகளும் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் கான்பூரில் 'பிரபல்' என்ற .32 துப்பாக்கியை வெளியிட்டது. அதன் உருளை பக்கவாட்டில் வெளியே திறக்கிறது. மடிக்கும் கீல் இல்லை. கோல்ட் அம்முறையை அமெரிக்கக் கடற்படைக்கென 1889-இல் கொண்டுவந்தது.